வலி போனால் மட்டும் போதாது

அன்புள்ள மகளுக்கு,

"நெஞ்சு வலி சுத்தமா போயிடுச்சுப்பா, இனி மாத்திரை எதுக்கு? நாளையிலேருந்து ஓடப் போறேன்" என்று போனில் சொன்னாய். அங்கேயே வாயைத் திறந்திருந்தால் சண்டையாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

மாரடைப்பு இல்லை என்றதும் எங்களுக்கெல்லாம் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில், வந்தது என்ன என்பதை நீ காதில் வாங்கவே இல்லை போலிருக்கிறது. இதயத்தைச் சுற்றி இரண்டு படலமாக ஓர் உறை இருக்கிறது. நடுவே கொஞ்சம் திரவம். சாதாரணமாக 50 மில்லிக்குள்தான். இதயம் உரசாமல் துடிக்க அது போதும். அந்த உறையில்தான் உனக்கு அழற்சி. பெரிகார்டைட்டிஸ் என்பார்கள். டாக்டர் உன்னை முன்னால் குனியச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை அழுத்தி வைத்தாரே, படலங்கள் உராயும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். புதுத் தோல் செருப்பு கிறீச்சிடுவது போல இருக்குமாம். நீ மல்லாந்து படுத்தால் குத்தி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைந்ததும் இந்த நோயின் குணம்தான். காரணம் பெரும்பாலும் ஏதாவது வைரஸ். எது என்று பல பேருக்குத் தெரியாமலே போய்விடும். அதைத் தோண்டிக்கொண்டிருக்காதே.

மாத்திரைக்கு வருகிறேன். இபுப்ரோஃபென் வலியையும் அழற்சியையும் அடக்கும். அதை டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். கோல்சிசின் முக்கியமாக நோய் திரும்பாமல் இருக்க. முதல் தடவை வந்தவர்களுக்கு வழக்கமாக 3 மாதம். திரும்பி வரும் வாய்ப்பை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. செங்காந்தள் கிழங்கில் இருக்கும் நஞ்சும் இதுதான், தெரியுமா? அளவு தாண்டினால் ஆளையே கொல்லும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போட்டுக்கொள்ளாதே. வயிற்றுப்போக்கு வந்தால் நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேள். வேறு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலும் இதைச் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடு. சில மருந்துகள் இதோடு சேரவே கூடாது.

ஓட்டம் வேண்டாம். வலி அடங்கியும் அழற்சி உள்ளே இருக்கலாம். அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை, ஈசிஜி இரண்டும் சரியாகி, டாக்டர் வாயால் "ஓடலாம்" என்று வரட்டும்.

மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ எனக்கு போன் போட்டுக்கொண்டு நிற்காதே, நேரே எமர்ஜென்சிக்குப் போ. உறைக்குள் நீர் சேர்ந்து இதயத்தை நெருக்குகிறதா என்று எக்கோ எனும் இதய ஸ்கேனில் பார்ப்பார்கள்.

அடுத்த சிஆர்பி ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. "நார்மல்தான்பா" என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டேன்.

அன்புடன்,
அப்பா