பச்சைப் பொத்தானுக்குப் பின்னால் என்ன ரேட்?

வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கும் ஏடிஎம்களை நடத்தும் வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். முதுகில் ஒரு பையோடு மாதக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றுகிறவர்களில் நானும் ஒருவன். எங்கள் கணக்கெல்லாம் நாட்களில்தான். இருக்கிற பணத்தை ஒரு நாள் செலவால் வகுத்தால், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துவிடும். உங்கள் இயந்திரம் பிடித்துக்கொள்ளும் தொகையையும் அப்படித்தான் அளக்கிறேன்: அரை நாள், ஒரு நாள் என்று.

முந்தைய பயணத்தில் அப்படி ஒன்றரை நாள் காசு போனது. நீண்ட பஸ் பயணம் முடிந்து நள்ளிரவில் இறங்கியிருந்தேன். கையில் அந்த நாட்டுக் காசு ஒன்றுகூட இல்லை. ஏடிஎம்மில் கார்டைச் செருகி, தொகையைத் தட்டியதும் ஒரு கட்டம் வந்தது. உங்கள் நாட்டுப் பணத்திலேயே மாற்றிக் கணக்கிடுகிறோம், மாற்று ரேட் உறுதி என்றது. கீழே பெரிய பச்சைப் பொத்தானில் 'ஏற்கிறேன்'. மூலையில் சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் அளவுக்கு, 'மறுக்கிறேன்'. பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், திரையில் நொடிகள் குறைகின்றன. மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து பச்சையை அழுத்திவிட்டேன். மறுநாள் காலை ரசீதை விரித்து வைத்துப் போனில் கணக்குப் போட்டபோதுதான், அந்த ரேட்டில் எவ்வளவு கூடுதலாகப் போயிருக்கிறது என்று உறைத்தது.

மறுத்தாலும் பணம் வரும். அப்போது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்கின் ரேட்டில் கழியும், அதன்மேல் என் வங்கி தன் கட்டணத்தைப் போடும். பெரும்பாலும் அதுவே மலிவு. இது உங்களுக்கு நன்றாகவே தெரியும், தெரியாதவர்கள் நாங்கள்தான். அந்தச் சாம்பல் பொத்தானில் 'மாற்றம் வேண்டாம், பணம் கொடு' என்று எழுதினால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒன்றியத்துக்குள் நடக்கும் கார்டு பரிவர்த்தனைகளில், ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டுக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதைச் சதவீதமாக முன்கூட்டியே காட்டியாக வேண்டும். 2020 ஏப்ரல் முதல் ஏடிஎம் திரைகளுக்கும் இது பொருந்துகிறது. அதே ஒற்றை வரியை எந்த நாட்டுக் கார்டைச் செருகினாலும், எந்த நாட்டு ஏடிஎம்மிலும் காட்டுங்கள். சட்டம் வந்து கையைப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

அடுத்தது, எவ்வளவு எடுத்தாலும் ஒரே கட்டணம் என்கிற வழக்கம். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு முறைக்கு 220 பாத் என்பது நெடுநாள் நடைமுறையாக இருந்தது. 1,000 பாத் எடுத்தால் அது நூற்றுக்கு 22. 20,000 எடுத்தால் வெறும் 1.1. எனவே யாராக இருந்தாலும் பெரிய தொகையாக எடுத்துவிடுவோம். பிறகு அந்த நோட்டுக் கட்டை யார் சுமப்பது? கொஞ்சம் இடுப்புப் பையில், கொஞ்சம் பர்ஸில், மிச்சம் பையின் அடியில் ஒரு பழைய சாக்ஸுக்குள். பத்துப் பேர் படுக்கும் டார்மிட்டரியில் குளிக்கப் போகும்போது இடுப்புப் பையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் குளியலறைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கண்ணை அதன்மேல் வைத்தபடியே சோப்புப் போட்டவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். கட்டணத்தைத் தொகைக்கேற்ப வைத்தால், மூன்று நாளுக்கு ஒருமுறை சிறிதாக எடுத்துக்கொள்வோம். திருட்டுப் போனாலும் மூன்று நாள் காசோடு போகும்.

நோட்டுகளையும் கலந்து கொடுங்கள். பெரிய நோட்டாகவே துப்பினால், விடியற்காலையில் எந்த ஓட்டுநரிடம் சில்லறை இருக்கும்? வியட்நாமில் 5,00,000 டாங் நோட்டும் நீலம், 20,000 டாங் நோட்டும் நீலச் சாயல். ஒன்று மற்றதைப் போல 25 மடங்கு. அரையிருட்டில் பூஜ்யங்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறீர்கள். (பெரிய நோட்டைத் தனி மடிப்பில் வைக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட விதத்தைக் கேட்காதீர்கள்.)

இயந்திரம் கார்டை விழுங்கினால் அழைக்க வேண்டிய எண்ணையும், இரவில் அதை எடுக்க ஆள் உண்டா என்பதையும் திரையிலேயே போடுங்கள். இரண்டாவது கார்டைத் தனியாக வைத்திருப்பவன் சமாளித்துவிடுவான். எல்லோரும் அப்படி வைத்திருப்பதில்லை.

கட்டணத்தை மட்டும் ரகசிய எண் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் கார்டை உருவிக்கொண்டு பக்கத்து ஏடிஎம்முக்குப் போய்க்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இன்னும் பதினோரு நாள் காசு மிச்சமிருக்கும் ஒரு பயணி