சிங்கிள் என்று விற்றுவிட்டு ஆல்பம் பதிப்பை ஏற்றித் தந்தது குறித்த புகார்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: இசைப்பெட்டியில் கேட்ட பதிப்புக்குப் பதிலாக வேறு பதிப்பை ஏற்றியதும், மூன்று முறை திருப்பித் தந்தும் சரிசெய்யாததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் 60 பாடல்களை ஏற்றித் தரும் தங்கள் இசைப்பெட்டியை என் தந்தையாரின் சதாபிஷேகத்திற்காக ரூ. 8,490 செலுத்தி வாங்கினேன். தங்கள் பட்டியலில் ஆங்கிலப் பாடல்களுக்கு எதிரே சிங்கிள் பதிப்பு (தனித் தட்டாக வந்தது), ஆல்பம் பதிப்பு (பல பாடல்கள் கொண்ட தொகுப்பில் வந்தது) என்று தனித்தனியாகக் குறித்து, வெளிவந்த ஆண்டையும் அச்சிட்டிருந்ததைப் பார்த்த பிறகே பணம் கட்டினேன். அந்தக் குறிப்பு மட்டும் இல்லாதிருந்தால் இந்தப் பெட்டியை வாங்கியே இருக்க மாட்டேன். இரண்டு முறை கூரியரிலும் ஒரு முறை என் கையிலுமாகப் பெட்டி சென்னைக்கு வந்து போயிற்று. தொலைபேசியில் ஏழு முறை பேசிவிட்டேன். பாடல்கள் மட்டும் மாறவே இல்லை.

தாங்களே பிரித்துப் பட்டியலிட்டு விற்கும் சரக்கு என்பதால் சிங்கிளுக்கும் ஆல்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்றுதான் இத்தனை நாள் நம்பினேன். ஆனால் தங்கள் அலுவலர்கள் ஒவ்வொருவரும் "பாட்டு ஒன்றுதானே சார்" என்று சொல்லிச் சொல்லி என்னை அனுப்பிவிட்டதால் எழுத வேண்டியதாகிவிட்டது. நான் சிங்கிள் கேட்டு, தாங்கள் ஆல்பம் பதிப்பை ஏற்றித் தந்த பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பி' 1970 மார்ச்சில் சிங்கிளாகவும் மே மாதத்தில் ஆல்பத்திலும் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை 1969 ஜனவரி 31 அன்று ஒரே மூச்சில் பாடி வாசித்துப் பதிவான ஒரே டேக்தான் என்பது உண்மை. ஆனால் சிங்கிளில் வரும், குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் கிட்டார் தனி (கிட்டார் முன்னின்று ஒலிக்கும் பகுதி) 1969 ஏப்ரலில் வாசிக்கப்பட்டது. சுழலும் ஒலிபெருக்கி வழியாக வருவதால் அது அலையலையாக, மென்மையாகக் கேட்கும். ஆல்பத்தில் இருப்பதோ 1970 ஜனவரியில் அவர் புதிதாக வாசித்த, கரகரப்பும் காரமும் கூடிய வேறொரு தனி. சிங்கிளின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ஆல்பத்துக்காக அதை மாற்றி அமைத்தவர் பில் ஸ்பெக்டர். அவர் தாளத்தட்டுக்கு எதிரொலி கூட்டி, முடிவில் ஒரு வரியையும் திரும்ப வரச் செய்தார். இத்தனை இருக்க, இதை எப்படி ஒரே பாட்டு என்கிறீர்கள்?

என் தந்தையார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். உடன் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்திய நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது கொடுத்துவிட்டுப் போன 45 சுற்று இசைத்தட்டில்தான் அவர் இந்தப் பாடலை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார். தட்டில் கீறல் விழுந்து, கடைசிச் சரணத்தில் ஊசி ஒரே இடத்தில் நின்றுவிடும். பாடலை முழுதாக ஒரு முறை அவர் கேட்க வேண்டும் என்பதற்காகவே தங்கள் பெட்டியை வாங்கினேன். விழா அன்று உறவினர்கள் சூழ்ந்திருக்க அதை ஒலிக்கவிட்டோம். நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், கிட்டார் தனி தொடங்கிய அந்த நொடியில் விரலை எடுத்துவிட்டார். "இது அது இல்லப்பா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அதன் பிறகு பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. எண்பது வயதில் ஒருவருக்கு ஒரு முறை வரும் நாளைத் தாங்கள் பாழாக்கிவிட்டீர்கள். எத்தனை லட்சம் தந்தாலும் அதற்கு ஈடாகாது.

இதை மூன்றாவது தொலைபேசி அழைப்பில் நான் சொன்னபோதுதான் தங்கள் அலுவலர் ஒருவர், "பெரியவருக்குக் காது சரியாகக் கேட்டிருக்காது சார், டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். ஐயா, பணிமனையின் சம்மட்டி ஓசைக்கு நடுவே வாழ்நாளெல்லாம் உழைத்த பிறகும் ஒரு கிட்டார் மாறியதை முதல் நொடியிலேயே கண்டுபிடித்த காது அது. அந்த வார்த்தையை இன்று வரை என்னால் விழுங்க முடியவில்லை. அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாகத் தாங்களே அறிவிக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

மற்றப் பாடல்களிலும் இதே கதைதான். 'லவ் மீ டூ' பாடலுக்கு எதிரே சிங்கிள், 1962 என்று போட்டிருக்கிறீர்கள். 1962 அக்டோபர் 5 அன்று வெளிவந்த சிங்கிளில் டிரம்ஸ் வாசித்தவர் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார். பெட்டியிலோ டாம்பரின் என்ற கைப்பறையின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. அப்படியானால் அது குழுவைச் சேராத ஆண்டி வைட் டிரம்ஸ் வாசிக்க, ரிங்கோ டாம்பரின் மட்டும் தட்டிய, அடுத்த ஆண்டு ஆல்பத்தில் வந்த பதிவு. பிற்கால சிங்கிள் அச்சுகளில் அந்தப் பதிவும் இடம்பெற்றது என்று தாங்கள் வாதிடலாம். ஆனால் ஆண்டை அச்சிட்டது நான் அல்ல, தாங்கள். இவையெல்லாம் போக, எனக்காக ஆல்பம் பதிப்பு என்று நான் கேட்டது ஒரே ஒரு பாடல். டோர்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டு 'லைட் மை ஃபயர்'. ஏழு நிமிடம் ஓட வேண்டிய அந்தப் பாடலில், நடுவில் வரும் ஆர்கன் தனியையும் கிட்டார் தனியையும் வானொலிக்காக வெட்டி, மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிய சிங்கிளை ஏற்றியிருக்கிறீர்கள். சிங்கிள் கேட்ட இடத்தில் ஆல்பம், ஆல்பம் கேட்ட இடத்தில் சிங்கிள் என்றால், அந்தப் பட்டியலை நம்பிப் பணம் கட்டியவன் யாரிடம் போய் முறையிடுவது?

நேரில் வந்தால் தீரும் என்று தங்கள் அலுவலர் சொன்னதை நம்பி, ஒரு நாள் விடுப்பு எடுத்து, காலைப் பல்லவன் ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மதியம் முதல் மாலை வரை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, பாடல் பிரிவு அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்று ஐந்தரை மணிக்குச் சொன்னார்கள். பெட்டியை உள்ளே கொண்டுபோன பணியாளர் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, "அப்டேட் செய்தாகிவிட்டது" என்று கொடுத்தார். அன்றிரவே மலைக்கோட்டை ரயிலில் திரும்பி, விடிந்ததும் வீட்டில் போட்டுப் பார்த்தால் அதே கரகரப்பான கிட்டார்தான். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தவனை ஒரு பாடலையாவது போட்டுக் காட்டி அனுப்பியிருக்கலாமே?

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. பெட்டியின் ஒலி நன்றாகவே இருக்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். பட்டியலில் உள்ளபடி பாடல்களை ஏற்றித் தந்தால் இந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிட அணியமாக இருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அது நடக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வதோடு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் வழக்குத் தொடர்வேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட முடியும் என்பதால், இனி அலைய வேண்டியது தாங்களாகத்தான் இருக்கும்.

இனிமேல் பெட்டியைக் கூரியரில் அனுப்புவதாக இல்லை. விவரம் தெரிந்த ஒருவரைத் தாங்களே பொன்மலைக்கு அனுப்பிவையுங்கள். கீறல் விழுந்த தட்டாக இருந்தாலும் கிட்டார் தனி வரும் இடம் வரை அது சுத்தமாகவே ஓடுகிறது. தட்டையும் பெட்டியையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, என் தந்தையார் முன்னிலையில் தங்கள் ஆள் கேட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.