தூக்க மாத்திரையைத் தடுப்பதோடு வேலை முடிந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தூக்க மாத்திரை, வலி மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் விற்ற மருந்துக்கடைகளில் சோதனை, உரிமம் ரத்து என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல காரியம்தான். காலேஜ் பையன்களுக்கு அட்டை அட்டையாக விற்றவர்கள் மேல் எனக்கு எந்த அனுதாபமும் கிடையாது. ஆனால் கெடுபிடி கூடியதும் கடை வாசலில் நடப்பது எதுவும் அந்தச் செய்திகளில் வருவதில்லை. நான் காரைக்குடியில் சின்னதாக ஒரு மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். அதனால் எழுதுகிறேன்.

தூக்க மாத்திரை கேட்டு என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டிய அம்மாக்கள், ரிட்டயரான வாத்தியார்கள். என்றைக்கோ நெஞ்சு படபடப்பு என்று டாக்டரிடம் போயிருப்பார்கள். ஈசிஜி எடுத்து, இருதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சீட்டின் கடைசி வரியில் 'அல்பிரஸோலம் 0.25, இரவு ஒன்று' என்று எழுதியிருப்பார். அல்பிரஸோலம் என்பது படபடப்பை அடக்கித் தூக்கம் வரவைக்கும் மாத்திரை. எத்தனை நாளைக்கு என்று இருக்காது. அன்று ராத்திரியே நல்ல தூக்கம். அப்புறம் அந்த டாக்டரை யார் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள்? என் வாடிக்கையாளர் ஒருவர் 2016ஆம் வருடத்துச் சீட்டை லேமினேட் செய்து பஸ் பாஸ் மாதிரி சட்டைப் பையில் வைத்திருக்கிறார். மடிப்பில் கிழிந்துபோகக் கூடாதாம்.

இந்த மாத்திரைகளைக் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. இதே வகை மருந்துகளில், லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இலும், வேலியம் என்ற டயஸிபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பிருந்த பார்பிட்யூரேட் மாத்திரைகளில் அளவு கொஞ்சம் கூடினாலே உயிருக்கு ஆபத்து. அவற்றைவிட இவை எவ்வளவோ மேல். வலிப்புக்கும், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கும் இன்றும் இவைதான் கை கொடுக்கின்றன. சிக்கல் நாட்கணக்கில்தான் இருக்கிறது. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மருந்து கூட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளை அதற்குப் பழகி, மருந்து இல்லாமல் தானே அடங்கும் திறன் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் பழைய படபடப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். தூக்கம் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். அல்பிரஸோலம் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறுவதால் ஓரிரு நாளிலேயே இது ஆரம்பித்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் மேலும் இதற்காகவே கட்டம் போட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பல வருடமாக அல்பிரஸோலம் 0.5 மில்லிகிராம் காலையும் இரவும் போட்டுவந்த ஓர் அம்மாவுக்கு, சோதனைக்குப் பயந்து கடைக்காரர் "இனிமேல் கிடையாது" என்று சொல்லிவிட்டார். வேறு கடைகளிலும் அதே பதில். சாமிக்கு விளக்கேற்றப் போனவருக்குத் தீக்குச்சியை உரசக்கூட கை நிற்கவில்லை. அன்று இரவே வலிப்பு. பக்கவாதம் என்று நினைத்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். மாத்திரை நின்றுபோனதை வீட்டில் யாரும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலும் யாரும் கேட்கவில்லை. வீட்டில் கிடந்த காலி அட்டைகளை மகள் ஒரு கேரி பையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்து, "இது எதுக்குண்ணே போடுறது?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

தெலங்கானாவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. அங்கே கள்ளில் அல்பிரஸோலம், டயஸிபாம் கலப்பது ரொம்ப நாள் வழக்கம். 2020 ஊரடங்கில் கள்ளுக்கடைகளை மூடியதும், நடுக்கமும் பிதற்றலுமாக ஆட்கள் ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்குக் குவிந்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் அல்பிரஸோலம், டயஸிபாம், ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை எல்லாம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான ஹெச் ஒன் பட்டியலில் இருக்கின்றன. விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கிறேன். டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் ரெஜிஸ்டரையும் ஸ்டாக்கையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். நோயாளி மாத்திரையை எப்போது நிறுத்தப் போகிறார் என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது கூட்டு மாத்திரைகள். பதற்ற நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் மனநல ஆலோசனையும். அந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் அல்பிரஸோலம் வகையைச் சேர்ந்த குளோனஸிபாம் மாதிரி ஒன்றைக் கொஞ்ச நாள் சேர்த்துக் கொடுப்பது. தனித்தனியாக எழுதினால், உடனே வேலை செய்கிற மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை "அது சும்மாண்ணே" என்று விட்டுவிடுகிறார்கள். சரி, அதற்காக இரண்டையும் ஒரே மாத்திரையாக்கி, எஸ்சிடலோபிராம் 10, குளோனஸிபாம் 0.5 என்று விற்கிறார்கள். மாதக்கணக்கில் தொடர வேண்டியதும் சில வாரத்தில் நிறுத்த வேண்டியதும் ஒரே வில்லையில் இருந்தால் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பது? பிளேடால் பாதியாக வெட்டினால் இரண்டும்தான் பாதியாகும்.

குறைப்பதற்கு வழி இருக்கிறது. நீண்ட நேரம் உடம்பில் தங்கும் டயஸிபாமுக்கு மாற்றி, படிப்படியாக இறக்குவது பல காலமாக உள்ள முறை. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து முதல் பத்து சதவீதம் குறைக்கலாம் என்கிறது 2025இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். மாதக்கணக்கில் ஆகும், டாக்டரின் கண்காணிப்பும் வேண்டும். வயதானவர்களுக்கு இது இன்னும் அவசியம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து, மயக்கத்தில் தடுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்களின் குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே அதிகாரிகளிடம் கேட்பது இதுதான். எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும் என்ற இரண்டும் இல்லாத சீட்டை ஏற்கக் கூடாது என்று எங்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். எங்களைவிட டாக்டர்களுக்கு முதலில் கொடுங்கள். கூடவே, நாங்கள் மறுக்கும் பழைய நோயாளிகள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போக ஒரு பரிந்துரைத் தாளும் கொடுங்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது. அட்டையின் பின்புறம் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. சட்டென்று நிறுத்தக் கூடாது என்பது அதில் இல்லவே இல்லை. அதைத் தமிழில் ஒரு வரி போட்டால் என்ன?

இதைப் படித்துவிட்டு அப்பா, அம்மாவின் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அட்டையோடு அவர்களை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
காரைக்குடி.