தையல் கடையில் பொருத்திய பாதுகாப்புக் கமராக்கள் பற்றிய முறைப்பாடு

பரந்தன்,
கிளிநொச்சி மாவட்டம்.

முகாமையாளர் அவர்களுக்கு,

பரந்தன் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியோரம் தையல் கடை நடத்துகிறேன். என் கடையில் நான்கு கமராக்களையும் ரெக்கோடரையும் பொருத்தியது உங்கள் நிறுவனம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை.

கடந்த மாதம் ஒரு வெள்ளி இரவு, யாரோ ஷட்டரின் கீழ் இடைவெளியால் கழிவு ஒயிலை ஊற்றி, பெயர்ப்பலகையைக் கிழித்து, முன்கண்ணாடியையும் உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே அடுக்கியிருந்த பாடசாலைச் சீருடைத் துணி ஒயிலில் ஊறிப் போனது. அது என் துணி அல்ல. அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த துணியைத் தாய்மார் தைக்கத் தந்திருந்தார்கள். இப்போது அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் வரிசையில் வேறு கடைகளுக்கும் இப்படி நடந்ததால்தான் உங்களிடம் வந்தேன். அதை உங்கள் விற்பனையாளரிடம் விளக்கமாகச் சொன்னேன். "முகம் துலக்கமாக விழும், ஒரு மாதப் பதிவு இருக்கும்" என்றார். நம்பி, சீட்டுக் காசை எடுத்து முழுத்தொகையையும் கட்டினேன்.

பதிவில் முகம் இல்லை. முன்கமரா நேரே வீதியைப் பார்த்து நிற்கிறது. இரவு முழுக்க ஓடும் லொறிகளின் வெளிச்சம் பட்டுப் படம் வெளுத்துவிடுகிறது. கூரை விளிம்போடு ஒட்டிப் பூட்டியதால் கமராவின் இரவு வெளிச்சம் ஓட்டில் பட்டுத் திரும்பி வருகிறது, சிலந்தி வலையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு உருவம் மீற்றர்ப் பெட்டியடிக்கு வருவது மட்டும் தெரிகிறது. அதோடு பதிவு நின்றுவிட்டது, வெளியே இருந்த சுவிச்சை அணைத்திருக்கிறார்கள். மின்சாரம் நின்றாலும் ஓடவைக்கும் யூபிஎஸ் வேண்டுமென்று பொருத்த வந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மாதப் பதிவு என்றதும் உண்மையல்ல. நீங்கள் தந்தது 1 ரெராபைற் டிஸ்க். ஒரு கமரா விநாடிக்கு 2 மெகாபிற் வீதம் பதிந்தால், நான்குக்கும் அது ஏறத்தாழ 11 நாள்தான் தாங்கும். அதற்கு முந்திய வாரங்களில் யாராவது கடையை நோட்டம் விட்டிருந்தாலும் அந்தப் பதிவு அழிந்துவிட்டது. ரெக்கோடரின் திகதியும் நேரமும்கூடப் பிழை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி இத்தகைய பதிவை வழக்கில் சாட்சியமாக முன்வைக்கலாம். திகதியே பிழையான பதிவை வைத்து நான் எதை நிரூபிப்பது? பொலிஸ் நிலையத்திலும் முதலில் கேட்டது நேரத்தைத்தான்.

"கமரா பதிவு செய்யத்தான், ஆளைத் தடுக்க இல்லை" என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். நான் கேட்பதும் அந்தப் பதிவைத்தான்.

2010இல் மீளக்குடியேறி வந்தபோது இந்த இடத்தில் கூரையில்லாத சுவர்கள்தான் நின்றன. அதிலிருந்து எழுப்பிய கடை இது. என்னோடு தைக்கும் பெண்களின் வீட்டுச் செலவும் இதில்தான் தங்கியிருக்கிறது. திருட்டென்றால் பொருளோடு போகும். இப்படிச் செய்தால், இருட்டியதும் கடையில் இருக்கவே அந்தப் பெண்கள் பயப்படுகிறார்கள்.

ஆகவே தகுதியான ஒருவரை அனுப்பி, முன்கமராவைப் பக்கச் சுவரில் முகம் விழும் உயரத்துக்கு மாற்றுங்கள். ரெக்கோடரைப் பூட்டிய அலுமாரிக்குள் யூபிஎஸ்ஸோடு வைத்து, நேரத்தைச் சரிசெய்து, சொன்னபடி ஒரு மாதம் தாங்கும் டிஸ்க்கை மேலதிகக் கட்டணமின்றிப் போட்டுத் தாருங்கள். முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்