தலையை நன்றாகத் துவட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. திருச்சி அத்தை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாடி வீட்டு விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. அங்கே குளிர் விட்டதா? ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே. குளித்தால் நன்றாகத் துவட்டு.

போன வாரம் உன் தம்பி கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தான். எந்தப் படம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி கார்ட்டூன் நெட்வொர்க் முடிந்து, பழைய இங்கிலீஷ் படம் போடுகிற டிஎன்டி சேனல் ஆரம்பித்ததும் ரிமோட்டைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்காருவாயே. 'பேதிங் ப்யூட்டி'. 1944ல் எடுத்தது, வர்ணம் இன்னும் அப்படியே பளபளக்கிறது. கதாநாயகன் ரெட் ஸ்கெல்டன் குட்டைப் பாவாடை கட்டிக்கொண்டு பெண்களோடு பாலே ஆடுகிற இடத்தில் அப்பா வலியை மறந்து சிரித்தார். கடைசியில் அந்தத் தண்ணீர் நடனம். எத்தனை பெண்கள், எத்தனை நீரூற்று, தண்ணீருக்கு நடுவே தீ எரிகிறது, அதற்குள் எஸ்தர் வில்லியம்ஸ் ஒரு மீன் மாதிரி நுழைந்து வருகிறாள். முதலில் படத்துக்கு ஸ்கெல்டனை வைத்து 'மிஸ்டர் கோ-எட்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்களாம். இவளைப் பார்த்த பிறகு பெயரையே மாற்றிவிட்டார்கள். நீ சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் கை போகிற மாதிரியே கையை வீசுவாய். பிளாஸ்டிக் பூ ஜாடியை உடைத்தது அப்போதுதான்.

கதையை நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை. இப்போது பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. எஸ்தருக்கும் ஸ்கெல்டனுக்கும் கல்யாணம் முடிந்த கையோடு எவளோ ஒருத்தி மூன்று பிள்ளைகளோடு வந்து "இவர் என் புருஷன்" என்கிறாள். இந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தான் நீச்சல் சொல்லிக்கொடுத்த பெண்கள் கல்லூரிக்குப் போய்விடுகிறாள். அதுவும் உன் நியூ ஜெர்சியில்தான். அவன் பின்னாலேயே வந்து, ஆணைச் சேர்க்கக் கூடாது என்று விதியில் எழுதவில்லையே என்று அங்கேயே மாணவனாகச் சேர்கிறான். அத்தனை கூத்தும் எதற்கு? அன்றைக்கே நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். எதுவானாலும் நேரில் கேட்டுவிட வேண்டும். படத்தைத்தான் சொல்கிறேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் "குளிச்சிட்டு இருக்கார்" என்கிறாய். நல்ல சுத்தமான மனுஷர்தான். உன் பின்னால் கதவில் அவர் கோட்டு தொங்கும், அதையும் காணோம். நீ சிரித்த முகமாகத்தான் பேசுகிறாய். எஸ்தர் வில்லியம்ஸும் தண்ணீருக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் சிரிப்பாள். 'மில்லியன் டாலர் மெர்மெய்ட்' எடுக்கும்போது தலையில் உலோகக் கிரீடத்தோடு ஐம்பது அடி உயரத்திலிருந்து குதித்துக் கழுத்தெலும்பு மூன்று உடைந்து, ஆறு மாதம் மாவுக்கட்டில் கிடந்தாள். படத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

2013ல் அவள் செத்துப்போனபோது பேப்பரில் வந்ததை வெட்டி உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு வைத்திருக்கிறேன். 1939ல் அமெரிக்காவிலேயே நூறு மீட்டரில் முதலாக வந்தவள். அடுத்த வருஷம் ஒலிம்பிக்ஸ் போக வேண்டியது, யுத்தத்தில் அந்த ஒலிம்பிக்ஸே நின்றுபோயிற்று. பிற்பாடு 1984ல் லாஸ் ஏஞ்சலஸில் தண்ணீர் நடனத்தையே ஒலிம்பிக்ஸில் சேர்த்தார்கள். அவளுக்காவது ஹிட்லர் குறுக்கே வந்தான்.

பாப்பா, உனக்கு நான் வந்தேன். எட்டாம் வகுப்பில் நீச்சல் கோச் பெண்பிள்ளைகள் பேட்சை நிறுத்திவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது மாநிலப் போட்டிக்கு ஃபாரத்தோடு நம் வீட்டுக்கே வந்தார். திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, உனக்கு சைனஸ், டாக்டர் தண்ணீரில் இறங்கவே கூடாது என்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். நீ வயசுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த நீச்சல் உடையைப் பற்றி அத்தை பேசியது உனக்குத் தெரியாது. ஃபாரத்தை அடுப்பில் போட்டேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

படத்தில் அந்த "இவர் என் புருஷன்" பொய்யை ஏற்பாடு செய்கிறவன் ஒரு தயாரிப்பாளன். ஷெர்லாக் ஹோம்ஸாக நடிப்பாரே பேசில் ராத்போன், அவர்தான். அவர் வந்தபோதெல்லாம் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அப்பா, "என்ன, காஸை அணைக்கலையா?" என்றார்.

இத்தனை வருஷமாகத் துவட்டு, துவட்டு என்று உன்னை நச்சரிப்பதுகூட, அந்த சைனஸை நிஜமாக்கத்தானோ என்னவோ.

அத்தை பேசுவாள். பேசட்டும். இந்தத் தடவை நான் யாருக்கும் காபி கொடுத்து எதுவும் சொல்லப் போவதில்லை. உன் பழைய ரூம் காலியாகத்தான் இருக்கிறது, பெட்டிகளை எடுத்துவிட்டேன். அதற்காக வா என்று சொல்கிறேன் என்று நினைக்காதே. முதலில் நேரில் கேட்டுவிடு.

உன் அபார்ட்மெண்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்று குடிபோனபோது போட்டோ அனுப்பினாய். இறங்குகிறாயா?

சாம்பார்பொடி அரைத்து வைத்திருக்கிறேன். இந்த மாதம் பார்சல் போடணும். ஒருத்தருக்கு எவ்வளவு, ரெண்டு பேருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். எதைப் போட என்று மட்டும் சொல்.

அம்மா