உருளையை மட்டும் எடைக்குப் போட வேண்டாம்

சிங்கப்பூர்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கால்வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு மாத்திரை தீருவதற்கு முன்பே தம்பியை அனுப்பி வாங்கச் சொல்லுங்கள்.

போன வாரம் அம்மா பேசும்போது, கொட்டகையை ஒழிக்கிறீர்கள், பழைய சாமான் எல்லாம் எடைக்குப் போகிறது என்று சொன்னார்கள். திருவிழா விளக்குகளை மாற்றி மாற்றி மின்ன வைக்குமே, அந்தச் சீரியல் செட் உருளையை மட்டும் எடுத்து வையுங்கள் என்று அவசரமாகச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள். அதைப் போனில் சொல்லி முடியாது, உங்களுக்கும் பாதி காதில் விழாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே வேலை பழகிவிட்டது. 12 மணி நேர ஷிஃப்ட், குளிர் அறை. போர்டைத் தொடுவதற்கு முன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி எர்த் பண்ணிக்கொள்ள வேண்டும். உட்லண்ட்ஸில் 9-வது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன், எனக்கென்று ஓர் அறை. துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார்கள். முதல் தடவை என் சுடிதார் அப்படி அந்தரத்தில் ஆடியதைப் பார்த்து, காற்றில் போய்விடும் என்று பயந்து பக்கத்திலேயே நின்றேன். ரயிலில் சில அறிவிப்புகள் தமிழிலும் வரும். வந்த புதிதில் அந்தக் குரலுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சரி, உருளைக்கு வருகிறேன். இங்கே ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும். அதற்காக எங்கள் வீட்டுக்கார அக்கா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடுகிறார். கதை ஒரு விண்கலத்தில் நடக்கிறது. இந்தக் காலத்து விண்கலம் இல்லை, 50 வருஷத்துக்கு முன்னால் மனிதர்கள் கற்பனை செய்த மாதிரியானது. சுவர் நிறையச் சின்ன விளக்குகள் மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். "நீ எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைதானே, செஞ்சு கொடும்மா" என்றார். உடனே ஒப்புக்கொண்டேன்.

லீவு நாளில் நியூட்டனில் ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்கா சந்தையில் சாப்பிட்டுவிட்டு சிம் லிம் டவருக்கு நடந்தேன். அப்பா, உங்களை ஒரு நாளாவது அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். ரெசிஸ்டர், சுவிட்ச், மீட்டர், ஒயர் என்று கடை கடையாக இருக்கிறது. விளக்குகளைப் பொருத்தும் பலகைக்குப் பழைய காலத்து இரும்பு சுவிட்ச் தேடினேன். பக்கத்தில் சுங்கை ரோட்டில் பழைய சாமான் சந்தை இருந்ததாம், அங்கே கிடைத்திருக்கும், 2017-இல் மூடிவிட்டார்கள் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அதனால் புதுசாகவே வாங்கினேன்.

கணக்கு உங்கள் கணக்குதான். 6 வோல்ட் பல்பு 40-ஐக் கோத்து 230-இல் போடுவீர்களே, அதே மாதிரி சிவப்பு எல்இடி 5-ஐ வரிசையாகக் கோத்தேன். ஒன்றுக்கு 2 வோல்ட், 5-க்கு 10. அடாப்டர் 12 வோல்ட். மிச்சம் 2 வோல்ட்டை 150 ஓம் ரெசிஸ்டர் வாங்கிக்கொள்கிறது. அழகாக எரிந்தது. நீலத்தையும் 5 கோத்தேன், கொஞ்சம்கூட எரியவில்லை. அரை மணி நேரம் ஒயரை நோண்டிய பிறகுதான் உறைத்தது. நீலத்துக்கு ஒன்றுக்கே 3 வோல்ட் வேண்டும். 5-க்கு 15 ஆகிவிடுகிறது, 12 எப்படிப் போதும்? எரியாததும் நல்லதாகப் போயிற்று, அந்தக் காலத்தில் நீல எல்இடி கடையில் கிடைக்காது. கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு 1962-இல் வந்துவிட்டது, நன்றாக எரிகிற நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்ததற்காக ஜப்பானில் பிறந்த 3 பேருக்கு 2014-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நீலத்தைக் கழற்றி வைத்துவிட்டு சிவப்பு, மஞ்சள், பச்சை மட்டும் 50 வைத்தேன். ஒவ்வொன்றின் தலையையும் உப்புத்தாளில் தேய்த்தேன். கண்ணைக் குத்துகிற வெளிச்சம் தணிந்து, பழைய பல்பு மாதிரி ஆகிவிட்டது.

ஒயரைப் பற்றவைத்த ஈயம் பளபள என்றிருந்தால் பிடித்திருக்கிறது, மங்கினால் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொடுத்தீர்கள். எங்கள் கம்பெனியில் ஈயமே கலக்காத ஈயம்தான், நன்றாகப் பிடித்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன். வீட்டில் பழைய மாதிரி ஈயத்தை வைத்து ஒவ்வொரு காலும் பளபளத்தபோது மனசு நிறைந்துவிட்டது.

ஒயரிங் முடிந்தது. ஆனால் முதல் ராத்திரி பலகைக்கு உயிர் வரவில்லை. எல்லா விளக்கையும் இஷ்டத்துக்கு எரியும்படி விட்டிருந்தேன். கொசு பேட்டில் பொறி பறக்கிற மாதிரி இருந்தது. அக்காவின் சின்னப் பையன் எட்டிப் பார்த்து, "கெட்டுப்போச்சா?" என்றான். படுத்துக்கொண்டே யோசித்தேன். 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 மாதிரியான கம்ப்யூட்டர்களின் முகப்பில் வரிசை வரிசையாக விளக்கு இருந்தது அலங்காரத்துக்காக இல்லை. உள்ளே ஓடுகிற எண்ணைக் காட்டத்தான் அவை. எண் ஒவ்வொன்றாகக் கூடும்போது ஓரத்து விளக்கு வேகமாக மின்னும், அடுத்தது அதில் பாதி வேகம், அதற்கடுத்தது அதிலும் பாதி. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நடை உண்டு. அதை நினைத்தபோதுதான் உங்கள் உருளை ஞாபகம் வந்தது.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் நீங்கள் சாரத்தில் ஏறி விளக்குத் தட்டி கட்டுவீர்கள். பொம்பளைப் பிள்ளை ஏறக் கூடாது என்று என்னைக் கீழே உட்கார வைத்துவிடுவீர்கள். எனக்கு எதிரே அந்த மர உருளை சுற்றும். டேபிள் ஃபேன் மோட்டார், சைக்கிள் டியூபில் பெல்ட், உருளையில் வளையம் வளையமாகச் செப்புத் தகடு, மேலே உரசுகிற பித்தளை நாக்குகள். ஒவ்வோர் உரசலிலும் ஒரு பச்சைப் பொறி. ஒரு வளையத்தில் 3 தகடு, அடுத்ததில் 4, அப்புறம் 5. "தவில்காரர் கணக்கு" என்பீர்கள். மேலே அம்மனின் சூலம் மின்ன ஆரம்பிக்கும்போது, நான் கீழே உருளையோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

எழுந்து உட்கார்ந்து அதையே செய்தேன். 50 விளக்கையும் பத்துப் பத்தாக 5 கூட்டமாகப் பிரித்தேன். கூட்டத்துக்கு ஒரு தாள நடை: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஒரு கூட்டத்து விளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் வராதபடி கலைத்து வைத்தேன், நீங்கள் சூலத்துக்கு ஒயர் இழுத்த மாதிரி. உருளை ஒரு சுற்றில் பழைய இடத்துக்கு வந்துவிடும். என் பலகை 1260 எண்ணிக்கைக்கு ஒரு தடவைதான் அப்படி வரும். ஓர் எண்ணிக்கை கால் வினாடி என்றால் 5 நிமிஷம் 15 வினாடி. நாடகத்தில் அந்தக் காட்சியே 4 நிமிஷம்தான்! இன்னொன்று, பல்பின் இழை சூடேறி மெல்ல எரியும், ஆறி மெல்ல அணையும். எல்இடி சட்டென்று எரிந்து சட்டென்று அணைந்துவிடும். அதனால் மின்சாரத்தை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை விட்டுவிட்டுக் கொடுத்து, மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி செய்தேன். மறுநாள் அந்தப் பையன் வந்தான், ஒன்றும் பேசவில்லை, பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. என் விளக்குகள் பாதி நேரம் எரிகின்றன, பாதி நேரம் அணைந்திருக்கின்றன. உருளையில் அப்படி இல்லை. சில தகட்டைக் குட்டையாக, சிலதை நீளமாக வெட்டியிருந்தீர்கள். சூலம் மூச்சு விடுகிற மாதிரி தெரிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அளவு எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நியூஸ் பேப்பரை உருளை மேல் இறுக்கமாகச் சுற்றி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் தகடெல்லாம் அப்படியே விழும். முதல் வளையம் எது என்று ஒரு ஓரத்தில் குறித்துவிடுங்கள். தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்புறம் அந்தப் பேப்பரையும் மடித்துத் தபாலில் போடுங்கள். அது எனக்கு வேண்டும்.

நாடகத்துக்கு இன்னும் 3 வாரம் இருக்கிறது.

உங்கள் அன்பு மகள்