ஈரப் பத்திரிகைகளுக்கு இடம் கொடுத்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள புதுவை, கடலூர் நண்பர்களே,

ஃபெங்கல் புயல் இரவைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரெயின்போ நகர்த் தரைத்தள அறையில் தி கியூர் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவைப் பற்றி வந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருந்ததும், வெள்ளம் புகுந்து காலையில் அவை என்ன நிலையில் இருந்தன என்பதும் தெரியும். இன்னும் போன் போட்டு விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்: பெரும்பகுதி பிழைத்துவிட்டது. பிழைத்ததற்குக் காரணமானவர்களுக்கு, சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

இதில் பாதி முத்தியால்பேட்டை ஐஸ்கிரீம் மொத்த வியாபாரி அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தி கியூர் என்றால் யார் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. மழைக்காலத்தில் சரக்கு ஓடாது என்று குடோன் மூலையில் அணைத்துப் போட்டிருந்த ஒரு டீப் ஃப்ரீசரை எங்களுக்காகத் துடைத்து, ஜெனரேட்டரில் மாட்டி, "பேப்பரை எதுக்குப்பா ஐஸ்ல வெக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "சரி, வெச்சுக்கங்க. ஆனா என் சரக்குப் பெட்டி பக்கம் இந்தத் தண்ணி ஒரு சொட்டு வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. டீசல் காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டார்.

அந்தப் பெட்டி எங்களுக்குக் கொடுத்தது நேரம். அதன் மதிப்பு புரிய, நனைந்த பத்திரிகைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ராக் எ ஃபோக், மூசிக்எக்ஸ்பிரஸ், ஜெர்மன் ரோலிங் ஸ்டோன் போன்ற மாத இதழ்களின் வழவழப்புத் தாளில் வெள்ளைக் களிமண்ணோ சுண்ணாம்புப் பொடியோ பசையோடு கலந்து பூசியிருக்கும். படம் பளிச்சென்று விழுவது அதனால்தான். நனைந்தால் அந்தப் பூச்சு இளகிவிடும். இளகியபடியே காய்ந்தால் பக்கத்துப் பக்கம் ஒட்டி, மொத்த இதழும் ஒரே பலகையாகிவிடும். அதன் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வரும். அதாவது, இந்தத் தாளுக்கு நனைவதைவிட ஆபத்து, நனைந்தபின் கட்டாகக் காய்வது. காயாமல் அப்படியே வைத்திருந்தாலோ பூஞ்சை. பொதுவாக 48 மணி நேரம் கணக்குச் சொல்வார்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில், மின்சாரமும் இல்லாத வீட்டில், அதைக்கூட நம்ப முடியாது. உறைய வைத்துவிட்டால் இரண்டும் நின்றுவிடும். மைனஸ் 18 டிகிரியிலோ அதற்கும் கீழோ பூஞ்சை வளராது, பூச்சும் ஒட்டாது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

செய்த முறையை எழுதிவைக்கிறோம், யாருக்காவது உதவும். முதலில் பிரிப்பது. லிபெராசியோன், வெஸ்ட் ஃபிரான்ஸ் போன்ற நாளிதழ்த் தாளில் பூச்சு கிடையாது, ஒட்டாது. அவற்றை ஃப்ரீசரில் வைத்து இடத்தை வீணாக்க வேண்டாம். நிழலில் நைலான் வலை கட்டி அதன்மேல் பரப்பினால் போதும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் கிழியும். வெயிலில் போடக் கூடாது. நாளிதழ்த் தாள் மரக்கூழ், ஒரே வெயிலில் பழுத்துவிடும். வழவழப்புத் தாள் இதழ்களை மூடியபடியே, சேறு போகும் அளவுக்கு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசவேண்டும். பிழியவோ, உள்ளே என்ன ஆனதென்று பிரித்துப் பார்க்கவோ கூடாது. பேனா மையில் எழுதியது இருந்தால் அலசவே வேண்டாம். பிறகு இரண்டு மூன்று இதழுக்கு ஒரு கட்டாக பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் உறை, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி பிளாஸ்டிக் கிரேட்டில் ஒரே வரிசை. இறுக்கித் திணித்தால் நடுவில் உள்ளது உறைய நாளாகும், பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருந்ததால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். உணவுப் பொருள் இருக்கும் ஃப்ரீசரில் இதை எந்தக் காரணத்துக்கும் வைக்கக் கூடாது. அண்ணன் காலிப் பெட்டி கொடுத்ததன் அருமை அங்கேதான்.

எடுக்கும்போது ஒரு கட்டு மட்டும் வெளியே வரும். ஐஸ் விட்டுப்போய், ஆனால் தாள் இன்னும் நல்ல ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் புரட்டி, இடையிடையே பட்டர் பேப்பர் செருக வேண்டும். நடுவில் பின் அடித்த இதழ் என்றால் பின்னைக் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் துரு நடுப்பக்கம் முழுக்க இறங்கிவிடும். ஃபேனைத் தாள் மேல் நேராக வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி, அறைக்குள் காற்று சுற்றும்படி விடவேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துச் செங்கல் பாரம். முழுக்கக் காய்ந்த பிறகு பாரம் வைத்தால் நெளிவு போகாது.

பட்டர் பேப்பர் என்றதும் லாஸ்பேட்டை பேக்கரிக்கார அக்கா. சாதாரண மெழுகுத் தாளைவிடக் கேக் தட்டில் போடும் சிலிக்கான் பூசிய தாள்தான் ஒட்டாது என்று சொல்லி, ரோல் ரோலாக எடுத்துக் கொடுத்தார். அவருக்கும், கிரேட் கொடுத்த காய்கறிக் கடைக்காரர்களுக்கும், தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றிய பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும், மொட்டை மாடியில் வலை கட்ட இடம் விட்ட வீட்டுக்கார ஐயாவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

எட்டுப் பாட்டு உள்ள ஒரு ஆல்பத்துக்கு இத்தனை பாடா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தி கியூரின் சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட் 2024 நவம்பர் 1 அன்று வந்தது, 16 ஆண்டுக்குப் பிறகு வந்த ஆல்பம். ஆங்கில விமர்சனங்கள் எங்கும் கிடைக்கும், அவை போனால் கவலையில்லை. ஆனால் இந்தப் பாட்டுகளில் பல, ஆல்பம் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே மேடையேறியவை. 2022 அக்டோபர் 6, லாட்வியாவின் ரீகா நகரில் முதல் முறை; அந்த மாதமே ஸ்டாக்ஹோமிலும் கிராக்கோவிலும் புதுப்பாட்டு ஒவ்வொன்று சேர்ந்தது; நவம்பரில் பிரான்சு, துலூஸ், பொர்தோ, நாந்த், ஸ்த்ராஸ்பூர் என்று ஊர் ஊராக. ஆகவே இந்த ஆல்பத்தின் பாட்டுகளைப் பற்றி முதலில் எழுதியவர்களில் அந்தந்த ஊர் நாளிதழ்க்காரர்களும் உண்டு. லாட்விய மொழியில், போலிஷில், பிரெஞ்சில். உள்ளூர்ப் பதிப்பில் வந்த அரைப்பக்கம் மறுநாள் குப்பைக்குப் போகும். அதைக் கத்தரித்து வைத்தவர்களிடமிருந்து, பாரிசிலும் அதன் பக்கத்துச் சார்செலிலும் இருக்கும் நம்மூர் உறவுக்காரர்கள் வாங்கிச் சேர்த்து, ஊருக்கு வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தவை. அட்டைப்படத்தில் இருக்கும் சிற்பம் ஸ்லோவேனியச் சிற்பி யானெஸ் பிர்னாத் 1975இல் செய்தது. அவரைப் பற்றிய ஸ்லோவேனியச் செய்தித் துண்டும் அந்தக் கட்டில்தான் இருந்தது. இப்போது வலையில் காய்கிறது.

காய்ந்ததை உடனுக்குடன் ஸ்கேன் எடுத்துத் தந்த மிஷன் வீதி ஜெராக்ஸ் கடைத் தம்பிக்குத் தனியாக நன்றி. பணம் வாங்கினார், அதில் தவறில்லை. ஆனால் கடை சாத்திய பிறகும் உட்கார்ந்தார். ஸ்கேன் நுணுக்கம் 300 டிபிஐ போதும் என்று நாங்கள் நினைத்திருந்த இடத்தில், படக்குறிப்பு மாதிரிப் பொடி எழுத்துக்கு 400 வைத்தார். மெல்லிய தாளின் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியாமல் இருக்கப் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டை வைப்பதையும் அவரிடம்தான் கற்றோம். வெள்ளை அட்டை வைத்தால் பின்பக்க வரிகளும் சேர்ந்து விழும், படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் மென்பொருள் அங்கே குழம்பிப்போகும்.

மென்பொருள் பற்றி, இதே வேலையில் இறங்கும் ரசிகர்களுக்கு: டெசராக்ட் போதும், இலவசம். ஆனால் மொழிக்கோப்பைத் தனியாகப் போட வேண்டும். ஆங்கிலத்திலேயே விட்டால் பிரெஞ்சின் மேற்குறிகளும் ஜெர்மனின் இரட்டைப் புள்ளிகளும் காணாமல்போய், மொழிபெயர்ப்பு எந்திரம் வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும். ஜெர்மன் பத்தியில் வரி முடிவில் கோடு போட்டு உடைத்த சொற்களை முதலில் ஒட்ட வேண்டும். அங்கே சொற்கள் ரயில்பெட்டி மாதிரி நீளம், அடிக்கடி உடையும். ஜப்பானிய ராக்கின் ஆன் பேட்டிகளை மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதற்கு நெடுக்கு எழுத்துக்கான தனிக்கோப்பு உண்டு. பத்தியையும் ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுக்க வேண்டும். முழுப்பக்கத்தையும் ஒரே படமாகக் கொடுத்தால் வரும் குழப்பத்தைப் பிரிப்பதைவிடக் கையால் தட்டச்சு செய்வது மேல்.

ஆல்பத்துக்கு இதழ்கள் போடும் மதிப்பெண்ணிலும் ஏமாறலாம். ஜெர்மன் ரோலிங் ஸ்டோன் ஐந்து நட்சத்திரத்துக்கு, மூசிக்எக்ஸ்பிரஸ் ஆறுக்கு, விஷன்ஸ் பன்னிரண்டுக்கு. எதற்கு எத்தனை என்று சேர்த்து எழுதாமல் வெறும் எண்ணைப் பகிர்ந்தால், பன்னிரண்டுக்கு ஒன்பது வாங்கியது பத்துக்கு ஒன்பது வாங்கியதுபோல் சுற்ற ஆரம்பித்துவிடும். இதழின் மாதத்தையும் அப்படியே நம்பக் கூடாது. அட்டையில் போட்ட மாதத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும் இதழ்கள் நிறைய. எழுதியவர் ஆல்பத்தை அதற்கும் முன்பே கேட்டிருப்பார்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது மேற்கோள். தி கியூரின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பேசுவது ஆங்கிலம். பிரெஞ்சு இதழ் அதைப் பிரெஞ்சாக்கி அச்சிடுகிறது. நாம் அதைத் தமிழாக்கி, இன்னொருவர் அதை ஆங்கிலமாக்கினால், அவர் சொல்லாத வாக்கியம் அவர் வாயில் இருக்கும். புதுவை பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்த இரண்டு அக்காமார் இந்த விஷயத்தில் எங்களைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்கள். பேட்டி என்றால் "இன்ன கருத்தைச் சொன்னதாக இதழ் எழுதுகிறது" என்று மட்டும் போடு, மேற்கோள் குறி போடாதே என்பது அவர்கள் சட்டம். 2024 அக்டோபரில் இசைக்குழு தரப்பே வெளியிட்ட நீண்ட ஆங்கிலக் காணொலிப் பேட்டி இருக்கிறது. அதில் உள்ள விஷயம் என்றால் அவர் சொற்களை அங்கிருந்தே எடுக்கலாம். கறை படிந்து பாதி அழிந்த பத்திகளை ஊகத்தில் நிரப்பாமல், அழிந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டியதும் அவர்கள்தான். ஜெர்மன் பக்கங்களை இரவு விழித்துச் சரிபார்த்த ஹைடல்பெர்க் தங்கைக்கும், ஜப்பானியப் பக்கங்களைப் பார்த்த யோகோஹாமா தம்பிக்கும் அதே நன்றி.

இனி ஒரு வாக்குறுதி. கையில் வரும் எந்தத் தாளும் அன்றைக்கே ஸ்கேன் ஆகும். ஒரு பிரதி இங்கே, ஒன்று வேறு ஊரில், ஒன்று இணையச் சேமிப்பில். அசல் தாள் இடுப்புக்கு மேல் உயரத்தில். கடையில் இன்னும் விற்பனையில் இருக்கும் இதழின் முழுப்பக்கத்தை யாருக்கும் அனுப்ப மாட்டோம். சுருக்கம், இதழின் பெயர், எண், பக்கம், அவ்வளவுதான். எழுதியவன் வயிற்றில் அடித்து ரசிகனாக இருக்க வேண்டியதில்லை.

இந்த வேலையை வேறு தாள்களுக்கும் செய்துகொடுப்போம். அந்த வாரம் ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் நனைந்தது பாட்டுப் பத்திரிகை மட்டுமா? கல்யாண ஆல்பம், மதிப்பெண் சான்றிதழ், பத்திரம். புகைப்படமும் வழவழப்புத் தாள் மாதிரிதான், ஒட்டிய நிலையில் காயவிட்டால் போச்சு. குளிர்ந்த நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரித்து, முகத்தில் கைபடாமல் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். அவசரத்துக்கு முடியாவிட்டால் பட்டர் பேப்பர் செருகி உறைய வையுங்கள். பத்திரத்தில் பேனாக் கையெழுத்து இருந்தால் அலசாமல் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். எங்களுக்கு ஒரு பெட்டி திறந்துவிட்ட மனிதருக்கு நாங்கள் திருப்பிச் செய்யக்கூடியது இதுதான், ஏனென்றால் அவர் வேறு எதையும் வாங்கிக்கொள்வதாக இல்லை.

இன்னும் சில கிரேட்டுகள் உள்ளே உறைந்து கிடக்கின்றன. மாசி பிறந்தால் ஐஸ்கிரீம் ஓட ஆரம்பித்துவிடும், பெட்டி அண்ணனுக்கு வேண்டும். அதற்குள் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, காயவைத்து ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு காலை கை ஒழிந்தவர்கள் மாடிக்கு வாருங்கள். நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள், ஈரத்தாளில் நகம் பட்டால் கிழியும். பட்டர் பேப்பர் இருக்கிறது. பழைய பலகையும் செங்கலும்தான் குறைகிறது.

நன்றியுடன்,
புதுச்சேரி கியூர் ரசிகர்கள் சிலர்